ஓர் அணு கூடினால் வாயுவின் பிடிப்பு ஏன் மாறிப்போகிறது?

பின்னால் படிக்க வருகிறவர்களுக்காகக் கேள்வியை முதலில் சுருக்கிவிடுகிறேன். 2 அணுவில் தொடங்கி 10 அணு வரையுள்ள தங்கக் கொத்துகள் (கிளஸ்டர் என்றே பலரும் சொல்கிறோம்) ஒவ்வொன்றின் மேலும் ஓர் ஆக்சிஜன் மூலக்கூறை வைத்து நீங்கள் டி.எஃப்.டி. (எலக்ட்ரான் அடர்த்தியிலிருந்து ஆற்றலைக் கணிக்கும் கணினி முறை) கணக்குப் போட்டிருக்கிறீர்கள். கொத்து பெரிதாகப் பெரிதாகப் பிடிப்பு, அதாவது மூலக்கூறு எவ்வளவு ஆற்றலோடு ஒட்டியிருக்கிறது என்பது, சீராகக் குறைந்துகொண்டே போய், கடைசியில் சாதாரணத் தங்கத்தின் மதிப்பில் வந்து நிற்கும் என்று எதிர்பார்த்திருக்கிறீர்கள். வந்ததோ ஏறி இறங்கி ஏறி இறங்கிப் போகும் ஒரு கோடு. 3, 5, 7 அணுக்களில் பிடிப்பு கூடுகிறது, 4, 6 அணுக்களில் குறைகிறது, 8 மட்டும் எந்த வரிசைக்கும் அடங்காமல் தனியாக நிற்கிறது. "எங்கே தப்பு செய்தேன்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

கேட்ட விதம் அப்படி இருந்தாலும் உள்ளே இருக்கும் கேள்வி வேறு என்று நினைக்கிறேன். அணுக்களின் எண்ணிக்கையைக் கீழ் அச்சில் போட்டு, பிடிப்பு ஆற்றலை மேல் அச்சில் போட்டால், அதில் ஒரு போக்கு தெரிய வேண்டுமா? நேரடியாகச் சொன்னால், இந்தச் சின்ன அளவுகளில் பல நேரம் தெரியாது, தெரிய வேண்டிய கட்டாயமும் இல்லை. 6 அணுக் கொத்தோடு ஓர் அணுவைச் சேர்த்தால் அளவு மட்டும் மாறுவதில்லை. எலக்ட்ரான் எண்ணிக்கை இரட்டைப்படையிலிருந்து ஒற்றைப்படைக்குப் போகிறது, கொத்தின் வடிவமே மாறுகிறது, வாயு வந்து உட்காரும் அணுவுக்கு எத்தனை பக்கத்து அணுக்கள் என்பதும் மாறுகிறது. இந்த மூன்றில் எது முக்கியம் என்பதை முடிவு செய்வது கொத்து மட்டும் இல்லை, வருகிற வாயுவும்தான். அதனால் ஒரே கொத்து ஒரு வாயுவை இறுக்கிப் பிடிக்கும், இன்னொன்றைத் திரும்பிக்கூடப் பார்க்காது.

என்னைப் பற்றி ஒரு வரி. ஆய்வுக் காலத்திலும் அதற்குப் பிறகும் நான் செய்துவந்தது இந்த மாதிரிக் கணக்குகளைத்தான். லேசரால் உலோகத்தை ஆவியாக்கிக் கொத்துகளை உருவாக்கும் கருவியை நானே இயக்கியதில்லை. சோதனைகளைப் பற்றி நான் சொல்வதெல்லாம் அந்த வேலை செய்கிறவர்களிடம் கேட்டும் அவர்கள் எழுதியதைப் படித்தும் தெரிந்துகொண்டது, அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

ஆக்சிஜனிலிருந்து தொடங்குவோம், உங்கள் கோடு அதைப் பற்றியது என்பதால். தங்க அணுவின் வெளிக்கூட்டில், 6எஸ் ஆர்பிட்டாலில் (எலக்ட்ரான் தங்கும் இடம்தான் ஆர்பிட்டால்), ஓர் எலக்ட்ரான். அணுவுக்கு ஒன்று என்று வைத்தால் 4 அணுக் கொத்தில் நான்கும் ஜோடி சேர்ந்துவிடும், 5 அணுக் கொத்தில் ஒன்று ஜோடி இல்லாமல் மிஞ்சும். ஆக்சிஜன் மூலக்கூறும் சாதாரண மூலக்கூறு இல்லை, அதன் பை-எதிர்ப்பிணைப்பு ஆர்பிட்டால்களில் (எலக்ட்ரான் சேரச் சேரப் பிணைப்பைத் தளர்த்துபவை) ஜோடி சேராத எலக்ட்ரான்கள் இரண்டு இருக்கின்றன. அந்த ஆர்பிட்டாலுக்குள் எலக்ட்ரானைக் கொஞ்சமாவது தள்ளிவிடக்கூடிய துணை கிடைத்தால்தான் அது ஒட்டும். ஜோடி சேராத எலக்ட்ரான் மிஞ்சியிருக்கும் கொத்துக்கு அது எளிது, எல்லாம் ஜோடி சேர்ந்த கொத்து ஒரு ஜோடியைப் பிரித்தாக வேண்டும். உங்கள் கோடு ஏறி இறங்குவதற்குக் காரணம் பெரும்பாலும் இவ்வளவுதான். இது உங்கள் கணினி கண்டுபிடித்த புதுமையும் இல்லை, நீங்கள் செய்த தவறும் இல்லை.

நடுநிலைக் கொத்துகளில் இது மங்கலாகத்தான் தெரியும். எதிர்மின் அயனிகளைப் பாருங்கள், பளிச்சென்று தெரியும். அங்கே ஓர் எலக்ட்ரான் கூடுதலாக இருப்பதால் ஒற்றை இரட்டைக் கணக்கு இடம் மாறிவிடுகிறது. அணு எண்ணிக்கை இரட்டைப்படையாக உள்ள அயனிகள் ஆக்சிஜனைப் பிடிக்கின்றன, ஒற்றைப்படை அயனிகள் கண்டுகொள்வதில்லை. 1990களின் தொடக்கத்திலிருந்து வெவ்வேறு ஆய்வுக்கூடங்கள் வெவ்வேறு கருவிகளில் இதைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கின்றன, எனவே இதில் சந்தேகத்துக்கு இடமில்லை. எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயம், அந்த இரட்டைப்படை அயனிகள் ஓர் ஆக்சிஜன் மூலக்கூறோடு நின்றுவிடுகின்றன. கொடுக்க ஓர் எலக்ட்ரான்தான் இருந்தது, கொடுத்தாயிற்று, இரண்டாவது மூலக்கூறுக்கு மிச்சமில்லை.

ஆனால் ஒற்றை இரட்டை என்று மட்டும் மனப்பாடம் செய்துகொண்டால் 16 அணு அயனியிடம் மாட்டிக்கொள்வீர்கள். கணக்குப்படி அது ஆக்சிஜனைப் பிடிக்க வேண்டும், பிடிப்பதில்லை. ஏனென்றால் அந்தக் கொத்து தன்னிடம் உள்ள கூடுதல் எலக்ட்ரானைச் சுமார் 4 எலக்ட்ரான் வோல்ட் (அணு அளவில் ஆற்றலை அளக்கும் அலகு) ஆற்றலோடு இறுக்கிவைத்திருக்கிறது. 6 அணு அயனியில் அந்த மதிப்பு ஏறக்குறைய 2 தான். எனவே பார்க்க வேண்டியது ஜோடி சேராத எலக்ட்ரான் இருக்கிறதா என்பதோடு சேர்த்து, அதை விட்டுக்கொடுக்கக் கொத்துக்கு மனம் இருக்கிறதா என்பதையும்தான். இந்த இடத்தில் ஒருவர் நியாயமாகக் கேட்கலாம்: தனி ஆக்சிஜன் மூலக்கூறின் எலக்ட்ரான் நாட்டம் (ஓர் எலக்ட்ரானை ஏற்கும்போது வெளிவரும் ஆற்றல்) வெறும் 0.45 எலக்ட்ரான் வோல்ட், அப்படியிருக்க 2 கொடுத்துப் பிடுங்கி 0.45 சம்பாதிப்பது நட்டம்தானே? முழு எலக்ட்ரானும் ஒரேயடியாக இடம் மாறினால் நட்டம்தான். உண்மையில் ஒரு பகுதிதான் நகர்கிறது, மிச்சத்தைத் தங்கத்துக்கும் ஆக்சிஜனுக்கும் இடையே உருவாகும் பிணைப்பு ஈடுகட்டுகிறது. அதனால்தான் எலக்ட்ரானைப் பிடுங்கும் ஆற்றல் ஒரு நல்ல வழிகாட்டி, ஆனால் அதை மட்டும் வைத்துப் பிடிப்பு ஆற்றலை எழுதிவிட முடியாது.

எலக்ட்ரான் போய்ச் சேர்ந்ததா இல்லையா என்று பார்க்க எளிய வழி, உங்கள் வெளியீட்டுக் கோப்பில் ஆக்சிஜன்–ஆக்சிஜன் பிணைப்பு நீளத்தைப் படிப்பது. தனி மூலக்கூறில் அது 1.21 ஆங்ஸ்ட்ராம் (ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு). ஓர் எலக்ட்ரான் சேர்ந்து சூப்பர்ஆக்சைடு நிலைக்குப் போனால் 1.33 வாக்கில் வரும், இரண்டு சேர்ந்து பெராக்சைடு ஆனால் 1.45ஐத் தாண்டும். உங்கள் 4 அணுக் கொத்தில் நீளம் 1.22, பிடிப்பும் பூஜ்யம் புள்ளி ஒன்று என்ற மாதிரி இருந்தால், அங்கே வேதிப்பிணைப்பு என்று எதுவும் இல்லை, மூலக்கூறு பக்கத்தில் சும்மா நிற்கிறது. அதையும் 5 அணுக் கொத்தின் நிஜமான பிணைப்பையும் ஒரே கோட்டில் புள்ளிகளாக வைத்து இணைப்பதே கொஞ்சம் அபத்தம்தான்.

இப்போது ஆக்சிஜனை எடுத்துவிட்டுக் கார்பன் மோனாக்சைடைக் கொண்டுவாருங்கள், கதையே மாறிவிடும். அதில் ஜோடி சேராத எலக்ட்ரான் கிடையாது. கார்பன் முனையில் உள்ள தனி இணை எலக்ட்ரான்களை உலோகத்துக்குக் கொடுக்கிறது, உலோகம் தன் டி-எலக்ட்ரான்களில் கொஞ்சத்தைப் பதிலுக்கு அதன் பை-எதிர்ப்பிணைப்பு ஆர்பிட்டாலுக்குள் தள்ளுகிறது. பிளைஹோல்டர் 1964இல் சொன்ன படம் இது, இன்றைக்கும் முதல் விளக்கமாகச் சொல்லித்தருவது இதைத்தான். தங்கம் இந்தத் திருப்பிக்கொடுக்கும் வேலையில் கஞ்சன், பிளாட்டினம் தாராளம். நெருக்கமாக அடுக்கப்பட்ட பிளாட்டினம் பரப்பில் கார்பன் மோனாக்சைடு 1.4 எலக்ட்ரான் வோல்ட் அளவில் பிடித்துக்கொள்கிறது, அதே மாதிரித் தங்கப் பரப்பில் அறை வெப்பநிலையில் நிற்பதே கஷ்டம். அப்படியானால் தங்கக் கொத்தில் மட்டும் எப்படி ஒட்டுகிறது? அங்கே முக்கியம், வந்து உட்காரும் அணுவைச் சுற்றி எத்தனை அணுக்கள் இருக்கின்றன என்பது.

20 அணுத் தங்கக் கொத்தை எடுத்துக்கொள்வோம். இது ஒரு நேர்த்தியான நான்முகி, விளிம்புக்கு நான்கு அணு. 2003இல் லாய்-ஷெங் வாங் குழு எதிர்மின் அயனியின் ஒளி எலக்ட்ரான் நிறமாலையைக் கணக்கோடு ஒப்பிட்டு இந்த வடிவத்தை முன்வைத்தது, 2008இல் நடுநிலைக் கொத்தின் அகச்சிவப்பு நிறமாலை அதை உறுதி செய்தது. இதன் 20 அணுக்களும் மூன்று விதம்தான். முனையில் நான்கு அணுக்கள், ஒவ்வொன்றுக்கும் மூன்றே பக்கத்து அணுக்கள். விளிம்பில் பன்னிரண்டு, அவற்றுக்கு ஆறாறு. முகத்தின் நடுவில் நான்கு, அவற்றுக்கு ஒன்பது ஒன்பது, அதாவது தட்டையான தங்கப் பரப்பில் உள்ள அணுவுக்கு எத்தனையோ அத்தனை. கார்பன் மோனாக்சைடு போய் உட்காருவது முனையில். அக்கம்பக்கத்துப் பிணைப்புகள் குறைந்த அணுவில் டி-நிலைகள் ஆற்றலில் மேலே ஏறி நிற்கின்றன, வருகிற மூலக்கூறோடு கலக்க அது வசதி. ஒரே கொத்துக்குள்ளேயே முனையில் ஒரு பிடிப்பு, முகத்தில் இன்னொரு பிடிப்பு. இதில் எந்த எண்ணை "20 அணுக் கொத்தின் பிடிப்பு" என்று வரைபடத்தில் போடுவீர்கள்? அதிகபட்சத்தை என்றால் சரி, ஆனால் அதைத் தெளிவாக எழுத வேண்டும், ஒவ்வொரு அளவுக்கும் எல்லா இடங்களையும் தேடியிருக்கவும் வேண்டும்.

சீரான போக்கே கிடையாது என்று நான் சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். அளக்கும் பொருளைப் பொறுத்தது அது. கார்பன் மோனாக்சைடின் அதிர்வு எண் தனியாக இருக்கும்போது ஒரு சென்டிமீட்டருக்கு 2143. ரோடியம், கோபால்ட், நிக்கல் கொத்துகளின் மேல் அது எவ்வளவு குறைகிறது என்று நெதர்லாந்தில் ஃபீலிக்ஸ் என்ற கட்டற்ற எலக்ட்ரான் லேசரை வைத்து ஃபீலிக்கே குழுவினர் அளந்தார்கள். நேர்மின் அயனியில் மேலே, எதிர்மின் அயனியில் கீழே, நடுநிலை இடையில் என்று ஆரம்பிக்கிறது. கொத்து பெரிதாகப் பெரிதாக அந்த ஒரு மின்சுமை எல்லா அணுக்களுக்கும் பங்காகிவிடுவதால் மூன்று கோடுகளும் நெருங்கிவருகின்றன. அழகான, சீரான போக்கு. பிடிப்பு ஆற்றல் துள்ளும் அதே அளவு வரம்பில் அதிர்வு எண் இப்படி ஒழுங்காக நடந்துகொள்கிறது, ஏனென்றால் அது பார்ப்பது கொத்தின் சராசரி மின்சுமையை.

ஹைட்ரஜன் மூன்றாவது ரகம். அது உலோகத்தில் உறுதியாக ஒட்ட வேண்டுமென்றால் வழக்கமாக இரண்டாக உடைய வேண்டும், உடைக்க வேண்டிய பிணைப்போ 4.5 எலக்ட்ரான் வோல்ட். எனவே இங்கே கேள்வி பிடிப்பு எவ்வளவு என்பதைவிட, உடைப்பதற்கான தடை எவ்வளவு என்பது. 1980களில் ரைஸ் பல்கலைக்கழகத்தில் ஸ்மாலி குழுவும் எக்ஸான் ஆய்வுக்கூடத்தினரும் இதைத்தான் பார்த்தார்கள் (ஸ்மாலியின் அதே கருவியில்தான் 1985இல் 60 அணுக் கார்பன் பந்தும் கிடைத்தது, அது வேறு கதை). இரும்பு, கோபால்ட், நியோபியம் கொத்துகளில் ஓர் அணு கூடினால் ஹைட்ரஜனோடு வினைபுரியும் வேகம் பல மடங்கு, சில இடங்களில் ஆயிரம் மடங்கு வரைகூட மாறியது. நியோபியத்தில் 8 அணுவும் 10 அணுவும் ஏறக்குறைய அசைந்துகொடுக்கவே இல்லை, பக்கத்திலிருந்த 9 வினைபுரிந்தது. இரும்பில் இந்த வேகம் கொத்தின் அயனியாக்க ஆற்றலோடு சேர்ந்தே ஏறி இறங்கியது: எலக்ட்ரானை எளிதில் தருகிற கொத்து ஹைட்ரஜனை எளிதில் உடைக்கிறது. நியோபியத்தில் அந்த விளக்கம் ஓரளவுதான் பொருந்தும், இரும்பில் பொருந்திய அளவுக்கு அது எல்லா உலோகத்துக்கும் பொருந்தும் என்று எழுதுகிற கட்டுரைகளைக் கொஞ்சம் தள்ளிவைத்தே படிக்கிறேன்.

எலக்ட்ரான் எண்ணிக்கை எவ்வளவு ஆதிக்கம் செலுத்தும் என்பதற்கு அலுமினியம்தான் பாடப்புத்தக உதாரணம். அணுவுக்கு மூன்று எலக்ட்ரான், 13 அணுவும் ஒரு கூடுதல் எலக்ட்ரானும் சேர்ந்தால் 40, கொத்து முழுவதுக்கும் பொதுவான எலக்ட்ரான் கூடு நிரம்பிவிடும். 1989இல் காசில்மன் குழு அலுமினிய அயனிகளை ஆக்சிஜனில் விட்டபோது மற்றவையெல்லாம் அரிக்கப்பட்டுத் தேய, 13, 23, 37 அணு அயனிகள் மட்டும் மிஞ்சி நின்றன. பெரிய கட்டியாகக் கிடக்கும் அலுமினியம் காற்றுபட்ட நொடியில் ஆக்சைடு போர்த்திக்கொள்ளும் என்பதை நினைத்துப் பார்த்தால் இது எவ்வளவு விசித்திரம் என்று புரியும். இதில் ஸ்பின்னுக்கும் (எலக்ட்ரானின் தற்சுழற்சி போன்ற பண்பு) ஒரு பங்கு இருக்கிறது: எல்லா எலக்ட்ரானும் ஜோடி சேர்ந்த கொத்து, மும்மை நிலையில் (ஜோடி சேராத இரண்டு எலக்ட்ரான்களின் ஸ்பின்னும் ஒரே திசையில்) உள்ள ஆக்சிஜனோடு வினைபுரிய வழியில் ஸ்பின்னை மாற்றியாக வேண்டும், அதற்கு நேரம் பிடிக்கும். 2008இல் வெளிவந்த ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. ஆக, அலுமினியத்தில் ஒட்டாமல் போவதற்கு ஆற்றல் மட்டும் காரணம் இல்லை, வேகமும் காரணம்.

சரி, உங்கள் 8 அணுப் புள்ளி. இங்கேதான் எனக்கு உண்மையான சந்தேகம் வருகிறது, அது வடிவத்தைப் பற்றியது. சின்னத் தங்கக் கொத்துகள் தட்டையாக இருக்க விரும்பும். தங்கத்தில் சார்பியல் விளைவு (எலக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தை நெருங்கி ஓடுவதால் வருவது) பலமாக இருப்பதால் 6எஸ் ஆர்பிட்டால் சுருங்கி, 5டி-யோடு கலப்பது அதற்கு ஒரு முக்கியக் காரணம். எதிர்மின் அயனிகள் 11 அணு வரை தட்டையாகவே இருக்கின்றன, 12இல் முப்பரிமாணத்துக்கு மாறுகின்றன, இது அயனிகளின் நகர்திறனை அளந்து கண்டது. நேர்மின் அயனிகள் 7 வரைதான் தட்டை. நடுநிலையான 8 அணுக் கொத்துக்கோ நீண்ட நாள் சண்டை நடந்தது. டி.எஃப்.டி. கணக்குகள் தட்டை என்றன, அவற்றைவிட உயர்ந்தவை என்று கருதப்பட்ட சில அலைச்சார்புக் கணக்குகள் முப்பரிமாணம் என்றன, பிறகு பெரிய அடிப்படைத் தொகுதிகளோடு (ஆர்பிட்டால்களை விவரிக்கும் சார்புகளின் தொகுப்பு) கவனமாகச் செய்த கப்பிள்டு கிளஸ்டர் கணக்குகள் (அலைச்சார்பு முறைகளில் மிகத் துல்லியமானவற்றில் ஒன்று) மறுபடி தட்டைப் பக்கம் சாய்ந்தன. இரண்டுக்கும் ஆற்றல் இடைவெளி அவ்வளவு குறைவு. நீங்கள் 8க்கு எந்த வடிவத்தில் ஆரம்பித்தீர்கள் என்று கேள்வியில் சொல்லவில்லை. ஆக்சிஜனை வைத்த பிறகு கொத்து வேறு வடிவத்துக்கு நழுவியிருந்தால், நீங்கள் கழித்த தனிக் கொத்தின் ஆற்றல் ஒரு வடிவத்துக்கும், ஒட்டிய நிலையின் ஆற்றல் இன்னொரு வடிவத்துக்கும் உரியதாகிவிடும். வரும் எண்ணில் பிடிப்பும் வடிவ மாற்றமும் கலந்துகிடக்கும். முன்னும் பின்னும் உள்ள வடிவங்களை ஒரே திரையில் வைத்துப் பாருங்கள், என் ஊகம் விடை அங்கே இருக்கிறது என்பது. ஊகம்தான்.

வடிவங்கள் கலந்திருப்பது கணக்குப் போடுகிறவர்களின் தொல்லை மட்டும் இல்லை. 12 அணு நியோபியம் கொத்தில் ஒரு பகுதி ஹைட்ரஜனோடு சட்டென்று வினைபுரிந்து தீர்ந்துவிட, மிச்சம் மெதுவாகவே குறைந்தது. ஒரே நிறை, ஒரே அணு எண்ணிக்கை, ஆனால் குழாய்க்குள் இரண்டு வடிவங்கள் சேர்ந்து பறந்திருக்கின்றன. மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் நிறையைத்தான் பார்க்கும், வடிவத்தைப் பார்க்காது.

உங்கள் எண்களைச் சோதனையோடு ஒப்பிடப் போகிறீர்கள் என்றால் இரண்டு விஷயங்கள். முதலாவது, "சோதனையில் ஒட்டவில்லை" என்பதற்கும் "பிடிப்பே இல்லை" என்பதற்கும் தூரம் அதிகம். வாயு ஒட்டும்போது வெளிவரும் ஆற்றல் எங்காவது போக வேண்டும். வேகமாக வரும் பந்தைக் கையைப் பின்னுக்கு இழுத்து வாங்காவிட்டால் எகிறிப் போய்விடும் அல்லவா, அதேபோல் ஆற்றலை உள்வாங்க இடம் வேண்டும். 20 அணுக் கொத்தில் 54 அதிர்வு வகைகள் இருக்கின்றன, ஆற்றல் அவற்றில் பரவிவிடும். 2 அணுக் கொத்தில் ஒன்றே ஒன்று. ஹீலியம் போன்ற வாயு அணு ஒன்று சரியான நேரத்தில் மோதி அந்த ஆற்றலை எடுத்துக்கொண்டு போகாவிட்டால், ஒட்டிய மூலக்கூறு திரும்பப் பிரிந்துவிடும். அதனால் சின்னக் கொத்துகளுக்கு ஹீலியத்தின் அழுத்தமும் வெப்பநிலையும் முடிவையே மாற்றும். வெப்பநிலையைக் கட்டுப்படுத்தக்கூடிய அயனிப் பொறியில் குளிரவைத்துச் செய்த சோதனைகளில்தான், 2003 வாக்கில், 2 அணுத் தங்க அயனி ஆக்சிஜனையும் கார்பன் மோனாக்சைடையும் ஒன்றாகத் தாங்கி நிற்கும் இடைநிலை கையில் சிக்கியது.

இரண்டாவது, என்ட்ரோபி, அதாவது சுதந்திரமாகத் திரியும் வாயுவின் ஒழுங்கின்மை அளவு. நீங்கள் தந்திருப்பது பூஜ்ய கெல்வின் ஆற்றல். ஆக்சிஜன் வாயுவின் என்ட்ரோபி 298 கெல்வினில் மோலுக்கு, கெல்வினுக்கு 205 ஜூல். வெப்பநிலையால் பெருக்கினால் மோலுக்கு 61 கிலோஜூல், மூலக்கூறுக்கு ஏறக்குறைய 0.63 எலக்ட்ரான் வோல்ட். ஒட்டிய மூலக்கூறு இதில் பெரும்பகுதியை இழக்கிறது. எனவே 0.3 எலக்ட்ரான் வோல்ட் பிடிப்பு என்று உங்கள் பட்டியலில் இருந்தால், அறை வெப்பநிலையில் ஒரு பார் அழுத்தத்தில் அது ஒட்டாது என்றே அர்த்தம், சோதனைகள் நடக்கும் குறைந்த அழுத்தத்தில் நிலைமை இன்னும் மோசம். உங்கள் வரைபடத்தில் இந்த என்ட்ரோபி இழப்பின் உயரத்தில் ஒரு கிடைக்கோடு போட்டுப் பாருங்கள், ஏற்ற இறக்கத்தில் பாதி பேசத் தகுதியில்லாததாகிவிடலாம்.

கணக்கு முறையின் சொந்தப் பிழைகளும் உண்டு. பி.பி.இ. செயலி (டி.எஃப்.டி. கணக்கில் பரவலாகப் பயன்படும் ஒரு தோராயச் சூத்திரம்) ஆக்சிஜன் மூலக்கூறைத் தேவைக்கு மேல் இறுக்கமாகக் காட்டும்: இரண்டு அணுக்களாகப் பிரிக்கச் சோதனையில் 5.2 எலக்ட்ரான் வோல்ட், பி.பி.இ. சொல்வது 6க்கும் மேல். மூலக்கூறு உடையாமல் ஒட்டும் வரை இந்தப் பிழையில் ஒரு பகுதி இரு பக்கமும் கழிந்துவிடும், உடைந்தால் கழியாது. கார்பன் மோனாக்சைடில் இன்னொரு விதமான சங்கடம். பிளாட்டினம் பரப்பில் அது ஓர் அணுவின் தலைமேல் நிற்கிறது என்று சோதனை சொல்ல, வழக்கமான செயலிகள் மூன்று அணுக்களுக்கு நடுவிலுள்ள குழியில் உட்காரவைத்தன, 2001இல் ஒரு கட்டுரை இதையே புதிர் என்று தலைப்பிட்டு வெளியிட்டது. ஆகவே இரண்டு இடங்களுக்கோ இரண்டு கொத்துகளுக்கோ இடையே 0.1, 0.2 எலக்ட்ரான் வோல்ட் வித்தியாசம் வந்தால் அதை வைத்து வாதம் கட்டாதீர்கள். 5க்கும் 6க்கும் இடையிலுள்ள பெரிய இறக்கத்தை நம்பலாம், 7க்கும் 9க்கும் எது அதிகம் என்பதை நம்ப வேண்டாம்.

அப்படியானால் எந்த அளவில் இதெல்லாம் அடங்கிச் சீராகிறது என்று ஒரு துணைக் கேள்வி கேட்டிருந்தீர்கள். பொதுவான ஓர் எல்லை கிடையாது. சில பத்து அணுக்களைத் தாண்டியதும் ஒற்றை இரட்டை வித்தியாசம் மங்கத் தொடங்கும், நூற்றுக்கணக்கில் போனால் முனை, விளிம்பு, முகம் எத்தனை என்று எண்ணினாலே பெரும்பகுதி விளங்கிவிடும். வினையூக்கியாகத் தங்கம் பேசப்படுவது இந்தப் பெரிய பக்கத்தில்தான். 1987இல் ஹாருதா, ஆக்சைடு மேல் தூவிய நுண்ணிய தங்கத் துகள்கள் பூஜ்யம் டிகிரி செல்சியஸுக்கு வெகு கீழேயே கார்பன் மோனாக்சைடை எரிக்கின்றன என்று காட்டினார். 1998இல் குட்மன் குழு, டைட்டானியம் ஆக்சைடு மேல் சுமார் 3 நானோமீட்டர் அகலமுள்ள, இரண்டு அடுக்குத் தங்கத் தீவுகள்தான் அதிவேகம் என்றது. 1999இல் ஹைஸ், லேண்ட்மன் குழுவினர், மக்னீசியம் ஆக்சைடு மேல் 8 அணுக் கொத்திலேயே வினை தொடங்குகிறது, ஆனால் ஆக்சைடில் ஆக்சிஜன் விடுபட்ட ஓட்டைகள் இருக்க வேண்டும் என்றார்கள், அந்த ஓட்டை எலக்ட்ரானைத் தங்கத்துக்குத் தருவதால். இவை அளந்தவை. இவற்றுக்கான காரணம் எது என்பதில்தான் இன்றும் ஆளுக்கொரு பக்கம்: துகளின் அளவா, முனை அணுக்களா, தங்கமும் ஆக்சைடும் தொடும் விளிம்பா, கீழிருந்து வரும் மின்சுமையா. என் சாய்வு தொடும் விளிம்பின் பக்கம். ஆனால் நீங்கள் கணக்கிடும் தனிக் கொத்தில் ஆக்சைடே இல்லை, அதனால் உங்கள் எண்களை வைத்து அந்தச் சண்டையில் யார் பக்கமும் பேச முடியாது, கட்டுரையின் முன்னுரையில் "தங்க வினையூக்கியின் ரகசியத்தை விளக்க" என்று எழுதும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள்.

உங்கள் வழிகாட்டி 8 அணுப் புள்ளியை எடுத்துவிடச் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். எடுக்காதீர்கள், முதலில் சரிபாருங்கள். ஒவ்வொரு அளவுக்கும் குறைந்தது மூன்று நான்கு வடிவங்கள், ஒவ்வொரு வடிவத்திலும் சாத்தியமான ஸ்பின் நிலைகள் எல்லாம், தனி ஆக்சிஜன் கட்டாயம் மும்மை நிலையில், கிடைத்த கட்டமைப்புக்கு அதிர்வுக் கணக்கும் போட்டு அது உண்மையில் ஆற்றல் பள்ளத்தில்தான் (அருகிலுள்ள வடிவங்களைவிட ஆற்றல் குறைந்த இடத்தில்) இருக்கிறதா என்று பார்ப்பது. கொத்தை ஒட்டிய நிலையின் வடிவத்திலேயே உறையவைத்து, ஆக்சிஜனை மட்டும் எடுத்துவிட்டு ஓர் ஆற்றலும் கணக்கிடுங்கள், அப்போது பிடிப்பு தனியாகவும் வடிவம் மாறியதன் விலை தனியாகவும் கிடைக்கும். பிறகு அதே வரிசையை எதிர்மின் அயனிகளுக்கும் ஓட்டுங்கள், ஒப்பிடச் சோதனை முடிவுகள் இருப்பது அங்கேதான். கீழ் அச்சில் அணு எண்ணிக்கைக்குப் பதிலாக, ஒவ்வொரு கொத்தும் எலக்ட்ரானை விட்டுக்கொடுக்கத் தேவையான ஆற்றலைப் போட்டு ஒருமுறை வரைந்து பாருங்கள். அந்த வரைபடத்தில் 8 மற்றவற்றோடு சேர்ந்துகொள்கிறதா, இன்னும் தனியாகத்தான் நிற்கிறதா என்பதை இங்கேயே எழுதுங்கள், வடிவக் கோப்புகளையும் இணைத்தால் பார்த்துச் சொல்கிறேன்.